விளக்குக்கு முன்னால் அறையைப் பாருங்கள்: நேர்காணல் படப்பிடிப்பு குறித்து வாசகர் கேள்விகள்

வீட்டுப் பெரியவர்களையும் ஊர்க் கலைஞர்களையும் பேசவைத்துப் படமெடுத்து வைக்கும் ஆர்வம் கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் பெருகியிருப்பதை இம்முறை வந்த கடிதங்கள் காட்டுகின்றன. பெரும்பாலான கேள்விகள் ஒரே பொருளைச் சுற்றியே இருப்பதால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் அப்பாவுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. பிரெஞ்சு ஆட்சியின் கடைசி ஆண்டுகளையும் கீழூர் வாக்கெடுப்பு நடந்த நாள்களையும் இளைஞராக இருந்து பார்த்தவர். அவர் சொல்வதைப் படமாக்கி வைக்க விரும்புகிறோம். முத்தியால்பேட்டையில் முற்றம் வைத்த பழைய வீடு. கையில் இரண்டு செல்போன்கள் இருக்கின்றன. கேமரா, விளக்கு, மைக் ஆகியவற்றில் முதலில் எதை வாங்குவது?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, புதுச்சேரி

மைக் வாங்குங்கள். மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்படிச் சொன்னால் பலருக்கு ஏமாற்றமாக இருக்கிறது. ஆனால் படம் சற்று மங்கலாக இருந்தாலும் பொறுத்துக்கொண்டு பார்க்கிற நாம், பேச்சு புரியாவிட்டால் இரண்டே நிமிடத்தில் நிறுத்திவிடுகிறோம். உங்கள் தந்தையாரின் விஷயத்தில் இது இன்னும் முக்கியம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு ஆதரவாக வாக்களித்தார்கள் என்பது ஏடுகளில் இருக்கிறது. அந்த வாரத்தில் தெருவில் என்ன பேசிக்கொண்டார்கள், யார் வீட்டில் என்ன அச்சம் இருந்தது என்பவை அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அவர் சொல்லும் ஆள் பெயர்களும் தெருப் பெயர்களும் எதிரொலியில் கரைந்துபோய்விட்டால், படம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் பயனில்லை.

மைக்கைக் கையில் வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது அறையைத் தேர்ந்தெடுப்பது. முற்றத்தை ஒட்டிய கூடத்தில் அப்பாவைச் சாய்வு நாற்காலியில் உட்காரவைத்தால் படத்துக்கு அழகாக இருக்கும் என்று தோன்றும். தூண்களும் வெளிச்சமும் அப்படித்தான் இழுக்கும். ஆனால் மர உத்தரங்களின் மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்பு பூசிய உயரமான மெட்ராஸ் டெரஸ் கூரை, சுண்ணாம்புச் சுவர், வழவழப்பான தரை இவை மூன்றும் சேர்ந்த இடத்தில் பேச்சு சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும். முற்றத்தின் வழியே காக்கைச் சத்தமும் பக்கத்து வீட்டு மிக்சியும் உள்ளே இறங்கும். ஒவ்வோர் அறையிலும் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கைதட்டிப் பாருங்கள். தட்டிய ஓசைக்குப் பின்னால் ஓர் இழுப்பு கேட்டால் அந்த அறை வேண்டாம். கட்டிலும் மெத்தையும், துணி அடுக்கிய அலமாரியும், புத்தகங்களும் நிறைந்த படுக்கையறையில் ஓசை சட்டென்று அடங்கும். வீட்டிலேயே அழகில் குறைந்த அறை பெரும்பாலும் ஒலிக்கு மிகச் சிறந்த அறையாக இருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

கூடத்தை விட்டால் வேறு வழியில்லை என்றால், தரையில் ஜமக்காளத்தை இரண்டாக மடித்து விரியுங்கள். கேமராவுக்குப் பின்னால், படத்தில் தெரியாத பக்கத்தில், மெத்தையை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வையுங்கள். கயிறு கட்டிக் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். பேசுபவரின் வாய் எந்தச் சுவரை நோக்கியிருக்கிறதோ அந்தச் சுவரில்தான் துணி முதலில் வேண்டும். முதுகுக்குப் பின்னால் தொங்கவிடுவதில் அவ்வளவு பலன் இல்லை. சுவரை ஒட்டி உட்காரவைக்காமல் சில அடி முன்னே தள்ளி உட்காரவையுங்கள்.

மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். சீலிங் ஃபேன் காற்று மைக்கில் மோதும் ஓசையைப் பின்னர் எந்த மென்பொருளாலும் குரலுக்குச் சேதமில்லாமல் முழுவதும் நீக்க முடியாது. ஏ.சி., குளிர்சாதனப் பெட்டி, தண்ணீர் மோட்டார், மீன்தொட்டிப் பம்பு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். குளிர்சாதனப் பெட்டியை மீண்டும் போட மறந்து பால் கெட்டுப்போவது இந்தத் தொழிலில் வழக்கமாக நடப்பது. வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிட்டால், கிளம்பும்போது அது தானாக நினைவுக்கு வரும். வயதானவரைப் புழுக்கத்தில் உட்காரவைக்க முடியாது என்பதால், படப்பிடிப்புக்கு முன் அறையை நன்றாகக் குளிர்வித்துவிட்டு, பதினைந்து இருபது நிமிடங்களுக்கு ஒருமுறை நிறுத்தி விசிறியைப் போடுங்கள். அந்த இடைவேளை அவருக்கும் நல்லது, உங்கள் அடுத்த கேள்விக்கும் நல்லது. காலை நேரமே தோது. ஆனால் குக்கர் விசில், பள்ளி மணி, கோயில் ஒலிபெருக்கி எந்த நேரத்தில் ஒலிக்கும் என்பதை முந்தின நாளே அதே நேரத்தில் அதே அறையில் ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். அன்றாடம் பழகிய சத்தத்தை நம் காது ஒதுக்கிவிடும், மைக் ஒதுக்காது.

இனி மைக். ஓரிடத்தில் உட்கார்ந்து பேசப்போகிறவருக்கு ஒயர் உள்ள காலர் மைக்கே போதும். விலை குறைவு, சிக்னல் அறுந்துபோகும் கவலை இல்லை. வாங்கும்போது ஒயரின் நுனியில் உள்ள செருகுபின்னைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையங்கள் உள்ள பின் செல்போனுக்கு உரியது, இரண்டு வளையங்கள் உள்ளது கேமராவுக்கு உரியது. மாற்றிச் செருகினால் ஒலி பதிவாகாமலே போகலாம். ஹெட்போன் துளை இல்லாத செல்போன் என்றால், சார்ஜர் துளையில் செருகும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு செல்போனை முக்காலியில் வைத்துப் படமெடுக்கவும், மற்றொன்றில் மைக்கைச் செருகி அப்பாவின் சட்டைப்பையில் வைத்து ஒலியை மட்டும் பதிவுசெய்யவும் பயன்படுத்துங்கள். இரண்டையும் ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். இரண்டும் ஓடத் தொடங்கிய பிறகு, படத்தில் தெரியும்படி ஒருமுறை கைதட்டினால், பின்னர் அந்த ஓசையை வைத்துப் படத்தையும் ஒலியையும் பொருத்திக்கொள்ளலாம். முடிக்கும் முன்பும் ஒருமுறை தட்டுங்கள். செல்போன்கள் ஒரு நொடிக்கு எடுக்கும் ஃபிரேம்களின், அதாவது தனித்தனிப் படங்களின், எண்ணிக்கை ஏறி இறங்கக்கூடும் என்பதால் நீண்ட பதிவில் உதடும் குரலும் மெல்ல விலகும். எவ்வளவு விலகியது என்பதை அந்த இரண்டாவது தட்டல் காட்டிக்கொடுக்கும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், மார்பின் நடுவில் பொருத்துங்கள். தொலைவு இரு மடங்கானால் நேரே வரும் குரல் 6 டெசிபல் குறையும். அறையின் எதிரொலியோ ஏறக்குறைய அப்படியே இருக்கும். எனவே விலையுயர்ந்த மைக்கை ஆறடி தள்ளி வைப்பதைவிட சாதாரண மைக்கை ஒரு சாணில் வைப்பது மேல். ஒலி அளவு காட்டும் செயலி இருந்தால், வழக்கமான பேச்சின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள் (கருவி தாங்கும் எல்லை 0). அவர் சிரிக்கும்போதும் குரலை உயர்த்தும்போதும் உடைந்துபோகாமல் இருக்க அந்த இடைவெளி வேண்டும்.

சன்னலுக்கு முன்னால் உட்காரவைத்தால் முகம் கறுத்துவிடுகிறது. டியூப்லைட்டைப் போட்டால் முகத்தின் ஒரு பக்கம் பச்சை, மறுபக்கம் நீலம். மூன்று விளக்குகள் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்னிடம் சிறிய எல்.இ.டி. பேனல் ஒன்றுதான் இருக்கிறது.
— கல்லூரி மாணவி, மஞ்சக்குப்பம், கடலூர்

மூன்று விளக்கு என்பது பாடப்புத்தகக் கணக்கு. முகத்துக்கு ஒளி தரும் கீ லைட், அதன் நிழலை மென்மையாக்கும் ஃபில் லைட், பின்னாலிருந்து தலையையும் தோளையும் சுவரிலிருந்து பிரித்துக்காட்டும் பேக் லைட் என்று மூன்று பணிகள் இருக்கின்றன. மூன்று பணிகளுக்கும் மூன்று விளக்குகள் வேண்டும் என்பதில்லை. சன்னலும் ஒரு தெர்மாகோல் அட்டையும் உங்கள் பேனலும் போதுமானவை.

முதலில் டியூப்லைட்டை அணையுங்கள். ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அலகால் அளப்பார்கள். பகல் வெளிச்சம் ஏறக்குறைய 5600 கெல்வின் நிறத்தில் இருக்கும். மஞ்சள் பல்பு 3000 கெல்வினை ஒட்டி இருக்கும். டியூப்லைட்டில் வெள்ளையோடு ஒரு பச்சைச் சாயல் கலந்திருக்கும். கேமராவால் ஒரு நேரத்தில் ஏதேனும் ஒன்றைத்தான் வெள்ளை என்று எடுத்துக்கொள்ள முடியும், மற்றவை முகத்தில் சாயமாக விழும். சன்னல் ஒளியைப் பயன்படுத்தினால் பேனலையும் 5600-இல் வையுங்கள். எதை வெள்ளை என்று கொள்வது என்பதைக் கேமராவுக்குச் சொல்லும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியாக விடாமல் அதே எண்ணில் நிறுத்துங்கள். சுவரும் சாயம் பூசும் என்பதை மறக்க வேண்டாம். புதுச்சேரியின் கடற்கரைப் பக்கத்து வீதிகளில் உள்ள மஞ்சள் சுவர்கள் கண்ணுக்கு எவ்வளவு அழகோ, அவற்றுக்கு இரண்டடி தள்ளி உட்காருபவரின் கன்னத்துக்கு அவ்வளவு கேடு. காமாலை வந்தவர்போல் தெரிவார்.

சன்னலைப் பேசுபவரின் முதுகுக்குப் பின்னால் வைக்காதீர்கள். அது அவருக்குப் பக்கவாட்டில், சற்று முன்னால் இருக்க வேண்டும். கேமராவின் எந்தப் பக்கத்தில் கேள்வி கேட்பவர் உட்காருகிறாரோ அதே பக்கத்தில் சன்னலும் இருக்கட்டும். அப்போது பேசுபவர் ஒளியை நோக்கித் திரும்பியிருப்பார். கேமராவுக்கு அருகில் உள்ள கன்னத்தில் மெல்லிய நிழல் விழும். முகம் தட்டையாகத் தெரியாமல் உருவத்தோடு நிற்கும். நிழல் மிகவும் கறுப்பாக இருந்தால் அந்தப் பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, நெருக்கியும் விலக்கியும் பாருங்கள். நம் திரைப்படத் தளங்களில் பல்லாண்டுகளாகப் புழங்கும் அந்தச் சாதாரண வெள்ளை அட்டைக்கு ஈடான மலிவான கருவி வேறில்லை.

எந்தச் சன்னல் என்பது நம் ஊருக்கே உரிய கேள்வி. கிழக்குக் கடற்கரையில் இருப்பதால் காலையில் கிழக்குச் சன்னல் வழியே வெயில் நேராக உள்ளே விழும். அப்போது அது நேர்காணலுக்கு ஆகாது. நண்பகலுக்குப் பிறகு அதே சன்னல் வெறும் வானத்தின் ஒளியை மட்டும் மணிக்கணக்கில் மாறாமல் தரும். வெயில் நேரே விழாத சன்னல் என்று வெளிநாட்டு நூல்கள் வடக்குச் சன்னலைப் புகழ்வதைப் படித்திருப்பீர்கள். ஆனால் கடலூர் வடஅட்சம் 12 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்பதால், அந்த மாதங்களில் வடக்குச் சன்னலின் ஓரத்திலும் வெயில் எட்டிப்பார்க்கும். ஓடும் மேகங்கள் இருக்கும் நாளில் எந்தச் சன்னலானாலும் ஒளி கூடிக் குறையும். கேமராவின் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, மாறாதபடி பூட்டிவிட்டு, மேகம் கடக்கும் வரை பொறுத்திருக்க வேண்டியதுதான்.

மாலை நேரத்திலோ சன்னலே இல்லாத அறையிலோ பேனலை நம்ப வேண்டியிருக்கும். சிறிய பேனலின் ஒளி முகத்தில் நேரே விழுந்தால் நிழல் கத்தி போல் கூர்மையாக இருக்கும். எண்ணெய்ப் பசையுள்ள நெற்றியில் வெள்ளைப் புள்ளி தெறிக்கும். ஒளி எவ்வளவு பெரிய பரப்பிலிருந்து, எவ்வளவு அருகிலிருந்து வருகிறதோ அவ்வளவு மென்மையாக இருக்கும் என்பதுதான் ஒளியமைப்பின் முதல் விதி. அதற்குப் பெரிய கருவிகள் வேண்டாம். நான்கு முழ வேட்டி ஒன்றைத் துணி காயப்போடும் ஸ்டாண்டில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டுங்கள். பேனலை அதற்கு மூன்றடி பின்னால் வைத்து, துணி முழுவதும் ஒளிரும்படி செய்யுங்கள். இப்போது விளக்காக வேலைசெய்வது பேனல் அல்ல, அந்த வேட்டி. அதைப் படத்தின் விளிம்பு வரை முகத்துக்கு அருகில் கொண்டுவரலாம். நீலம் போட்டு வெளுத்த வேட்டி ஒளியையும் சற்று நீலமாக்கும் என்பதால், பழுப்பேறாத, நீலம் போடாத துணியைத் தேடுங்கள். எல்.இ.டி.க்கு மட்டுமே இந்த யோசனை பொருந்தும். பழைய ஹாலஜன் விளக்கின் முன் துணியைக் கட்டினால் தீப்பிடிக்கும்.

தொலைவு இரு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும் என்பது இங்கே நமக்குச் சாதகமானது. விளக்கு முகத்துக்கு மூன்றடியிலும் பின்சுவர் முகத்துக்கு ஆறடி பின்னாலும் இருந்தால், சுவரில் விழுவது முகத்தில் விழுவதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். எனவே எந்தக் கூடுதல் செலவும் இல்லாமல் பின்னணி அடங்கிப்போகும். அது முழு இருட்டாகத் தோன்றினால் மூலையில் ஒரு மேசை விளக்கை ஏற்றி வையுங்கள், அதுவே பேக் லைட்டின் வேலையில் பாதியைச் செய்துவிடும்.

மூக்குக் கண்ணாடி அணிந்தவர் என்றால் விளக்கை உயர்த்திப் பக்கவாட்டில் தள்ளுங்கள். அப்போதும் பளபளப்பு தெரிந்தால், கண்ணாடிக் காம்புகளைக் காதுக்கு மேல் ஒரு நெல்லளவு தூக்கிவிடச் சொல்லுங்கள். கண்ணாடி சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்து பிரதிபலிப்பு மறைந்துவிடும்.

படத்தில் கறுப்புப் பட்டைகள் மேலும் கீழுமாக ஓடுகின்றன. கேமரா பழுதா?
— திருமணப் படப்பிடிப்பாளர், நெல்லிக்குப்பம்

பழுதில்லை. நம் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கின்றன. ஒவ்வொரு ஃபிரேமும் ஒளியை வாங்கும் நேரமான ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் நிறுத்தினால் பட்டைகள் மறையும். நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்பதை நேர்காணலுக்கு நிலையான அமைப்பாக வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பட்டை தெரிந்தால் மலிவான எல்.இ.டி. விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருப்பீர்கள். முழு வெளிச்சத்தில் எரியவிட்டு, விளக்கைத் தள்ளி வையுங்கள்.

எங்கள் நாட்டிய ஆசிரியையைப் படமெடுத்தோம். பட்டுப்புடவை, கழுத்து நிறைய நகை. ஒலியைக் கேட்டால் பேச்சோடு சரசரப்பும் கிணிகிணியும்தான் வருகின்றன. மைக்கைப் புடவைக்குள் மறைத்து வைத்திருந்தோம்.
— மாணவர்கள் குழு, திருப்பாதிரிப்புலியூர்

இரண்டு தொல்லைகளும் வெவ்வேறு காரணங்களால் வருகின்றன. பட்டு பட்டோடு உரசும்போது எழும் ஓசை மைக்கைத் துணி தொடுவதால் வருவது. நகையின் ஓசை சங்கிலி மைக்கின் மீதோ அதன் ஒயர் மீதோ மோதுவதால் வருவது.

மறைத்தே ஆக வேண்டுமா என்று முதலில் யோசியுங்கள். கண்ணுக்குத் தெரிகிற சிறிய காலர் மைக்கைப் பார்த்து எந்தப் பார்வையாளரும் முகம் சுளிப்பதில்லை. முந்தானை தோளுக்கு ஏறும் விளிம்பில், நகைகளின் வீச்சுக்கு அப்பால், கிளிப்பை வெளிப்பக்கமாகப் பொருத்தினால் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அவர் கேள்வி கேட்பவரை நோக்கி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரோ அந்தப் பக்கத்துத் தோளாக இருப்பது நல்லது, ஆனால் முந்தானை இடத் தோளில்தான் விழும். எனவே அவரை அவரது இடப்பக்கம் பார்க்கும்படி உட்காரவைத்தால் குரல் மைக்கின் மேலேயே விழும். புடவைக்காக நாற்காலியின் திசையை மாற்றுவது சிறிய வேலை, மைக்கின் இடத்தை மாற்றுவதுதான் பெரிய வேலை.

மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்றால், மைக்கைத் துணிகள் உரசாதபடி அசையாமல் நிறுத்த வேண்டும். ஒட்டும் பக்கம் வெளியே இருக்கும்படி முக்கோணமாக மடித்த இரண்டு டேப் துண்டுகளுக்கு நடுவே மைக்கை வைத்து, ஒரு பக்கம் ரவிக்கையிலும் மறுபக்கம் புடவையிலும் ஒட்டுங்கள். மைக்கின் வாய் மட்டும் திறந்திருக்கட்டும். இரண்டு துணிகளும் மைக்கோடு சேர்ந்தே அசைவதால் உரசல் இருக்காது. மைக்கிலிருந்து இரண்டு விரற்கடை கீழே ஒயரைச் சிறு வளையமாகச் சுற்றி டேப் போடுங்கள். ஒயரில் ஏற்படும் இழுப்பும் தட்டலும் அந்த வளையத்தோடு நின்றுவிடும். இவற்றை ஆசிரியையே, அல்லது உங்கள் குழுவில் உள்ள பெண்களில் ஒருவர், தனியறையில் செய்ய வேண்டும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நகைகளைக் கழற்றச் சொல்வது மரியாதையாக இருக்காது. தாலிச் சங்கிலியைப் பற்றி வாயே திறக்காதீர்கள். நீண்ட ஆரமும் காசுமாலையும் அணிந்திருந்தால், அவை ஒன்றோடொன்று மோதாதபடி படத்தில் தெரியாத பின்கழுத்துப் பக்கம் ஒரு ஊக்கால் பிடித்துவைக்கலாமா என்று கேட்டுப்பாருங்கள். வளையல் கைகளை நாற்காலியின் மரக் கையில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னாலே பாதி ஓசை குறையும். நாட்டிய ஆசிரியை கையை அசைக்காமல் பேசுவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கையசைவு வேண்டும் என்றால், அவருடைய தலைக்கு மேல் படத்தின் விளிம்பை ஒட்டி, நீட்டிய திசையின் ஒலியையே முக்கியமாகப் பிடிக்கும் ஷாட்கன் மைக்கைத் தொங்கவிட்டு, வாயை நோக்கித் திருப்பி, அதிலும் தனியே பதிவுசெய்யுங்கள். ஒன்றில் வரும் கிணிகிணி பல இடங்களில் மற்றொன்றில் இருக்காது.

இரண்டு கேமராக்களை வைத்து எடுத்தால், படத்தொகுப்பில் பேசுபவர் திடீரென்று எதிர்த்திசையில் திரும்பியதுபோல் தெரிகிறது. வெள்ளை வேட்டி சட்டை அணிந்தவர்களின் முகமும் இருண்டுவிடுகிறது.
— உள்ளூர்ச் செய்தியாளர், வில்லியனூர்

பேசுபவரின் கண்ணுக்கும் கேள்வி கேட்பவரின் கண்ணுக்கும் இடையே தரையில் ஒரு கோடு போட்டிருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கேமராக்களும் அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்க வேண்டும். ஒன்று கோட்டைத் தாண்டினால், அதில் இடப்பக்கம் பார்த்தவர் மற்றதில் வலப்பக்கம் பார்ப்பார். முதல் கேமரா கேள்வி கேட்பவரின் தோளை ஒட்டி, பேசுபவரின் கண் உயரத்தில் இருக்கட்டும். இரண்டாவது அதிலிருந்து குறைந்தது 30 பாகையாவது விலகி, படத்தின் அளவிலும் மாறுபட வேண்டும். ஒன்றில் மார்பளவு என்றால் மற்றதில் நாற்காலியும் அறையும் தெரியலாம். அளவும் கோணமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால், வெட்டும் இடத்தில் படம் துள்ளியதுபோல் இருக்கும்.

லென்ஸ் விஷயத்தில், முழு ஃபிரேம் கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) 50 முதல் 85 மில்லிமீட்டர் வரை முகத்துக்கு நல்லது. மிக அருகில் வைத்து அகலக் கோணத்தில் எடுத்தால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிப்போகும். செல்போனில் எடுப்பவர்கள் பின்பக்கத்து முதன்மை லென்ஸைப் பயன்படுத்தி நான்கைந்து அடி தள்ளி வையுங்கள். விரலால் பெரிதாக்க வேண்டாம். முகம் பார்க்கும் திசையில் சற்று அதிக இடம் விடுங்கள். இரண்டு கேமராக்களிலும் ஃபிரேம் எண்ணிக்கையும் ஒயிட் பேலன்ஸும் ஒன்றாக இருக்க வேண்டும்.

வெள்ளைச் சட்டைக்கு வருவோம். தானியங்கி எக்ஸ்போஷர் படத்தில் உள்ள வெள்ளைப் பரப்பைப் பார்த்துவிட்டு, வெளிச்சம் மிகுதி என்று முடிவுசெய்து மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். நம்மவர்களின் முகநிறத்துக்கு அது பெரிய அநீதி. செல்போனில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் பூட்டுங்கள். கேமராவில் கைமுறைக்கு மாறுங்கள். அதன்பின் சட்டை வெளுத்துப்போனால், விளக்கைச் சற்று உயர்த்தி, அதன் கீழ்ப்பாதியை ஒரு கறுப்பு அட்டையால் மறையுங்கள். முகத்தில் ஒளி முழுமையாகவும், மார்பில் குறைவாகவும் விழும். வேறு சட்டை இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை. நெருக்கமான கோடு போட்டது மட்டும் வேண்டாம், திரையில் அலையலையாக நெளியும்.

2004 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் கண்ட மீனவர் ஒருவரைத் தேவனாம்பட்டினம் கடற்கரையிலேயே, கடல் பின்னணியில் தெரிய, பேசவைக்க விரும்புகிறேன். காற்றும் அலையும் விடுவதில்லை.
— ஆவணப்பட ஆர்வலர், கடலூர்

அவர் கதையின் பெரும்பகுதியைப் படகு மறைவிலோ சவுக்குத் தோப்பிலோ வீட்டுத் திண்ணையிலோ பதிவுசெய்துவிட்டு, கடற்கரையில் சில நிமிடங்கள் மட்டும் எடுக்குமாறு பரிந்துரைப்பேன். அன்று போனவர்களைப் பற்றிப் பேசும் ஒருவரை, வேடிக்கை பார்க்கும் கூட்டத்துக்கு நடுவில் அலையோசைக்கு மேல் கத்திப் பேசவைப்பது முறையாகாது.

கடற்கரையில் எடுக்கும் பகுதிக்கு நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள். கடல் கிழக்கே இருப்பதால், காலையில் கடலைப் பின்னணியாக வைத்தால் சூரியன் அவருக்குப் பின்னால் நிற்கும், முகம் நிழலுருவாகிவிடும். மாலையில் அவர் மேற்கே பார்த்து உட்காருவார். நேர் வெயில் முகத்தில் விழுந்தால் கண்ணைச் சுருக்குவார். சூரியன் மேற்கே மறைந்த பிறகு கிடைக்கும் பதினைந்து இருபது நிமிடங்களில் மேற்கு வானம் முழுவதும் ஒரே பெரிய மென்மையான விளக்காகும். கடலிலும் நிறம் எஞ்சியிருக்கும். எல்லாவற்றையும் முன்கூட்டியே தயாராக வைத்துக்கொண்டு அந்த இடைவெளியில் எடுங்கள்.

பிற்பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று அவர் முதுகில் படும் என்பதால், அவர் உடலே மார்பில் உள்ள மைக்குக்கு மறைப்பாகும். மைக்குக்குப் பஞ்சுறை போதாது, முடியுள்ள உறை வேண்டும். அலை தொடர்ந்து இரைவதை நீக்க முயலாதீர்கள். அது பின்னணியில் மெல்லக் கேட்பது இயல்புதான். மோதிச் சிதறும் அலைதான் பேச்சை விழுங்கும், எனவே நீர்விளிம்பிலிருந்து தள்ளி உட்காருங்கள். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வாகனங்கள் வருவதில்லை என்பது ஒலிக்கு உதவி. ஆனால் அங்கே கருங்கற்களில் மோதும் அலையின் ஓசை மணற்கரையைவிடக் கடுமையாக இருக்கும். எந்த ஊரிலும் விளக்கும் முக்காலியும் வைத்துப் பொது இடத்தில் எடுப்பதற்கு உரிய அனுமதியைப் பெற்றுக்கொள்ளுங்கள்.

ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே கடற்கரைக்கு எடுத்துச்சென்றால் லென்ஸில் பனி படியும். பையை மூடியபடியே அரை மணிநேரம் வெளியில் வைத்து, பிறகு திறங்கள். வீடு திரும்பியதும் கேமராவின் உடலிலும் முக்காலியிலும் படிந்த உப்புப் படலத்தை ஈரமான மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். லென்ஸை மட்டும் முதலில் ஊதித் தூசியை அகற்றிய பிறகே துடையுங்கள்.

பேசுபவர் கேமராவைப் பார்க்க வேண்டுமா, கேட்பவரைப் பார்க்க வேண்டுமா?
— வாசகர், அரியாங்குப்பம்

கேட்பவரைப் பார்க்கட்டும். கேமராவைப் பார்த்துப் பேசுவது பழக்கப்பட்டவர்களுக்கே கடினம். கேட்பவர் லென்ஸுக்கு மிக அருகில், அதே உயரத்தில் உட்கார வேண்டும். அப்போதுதான் பேசுபவரின் இரண்டு கண்களும் படத்தில் தெரியும். கேட்கும்போது "ம்ம்", "சரிங்கய்யா" என்று ஒலி எழுப்பாமல் தலையை மட்டும் அசையுங்கள். உங்கள் குரலை வெட்டியெடுக்க வேண்டுமென்றால் அவருடைய பாதிச் சொல்லும் போய்விடும். பேச்சு முடிந்ததும் எல்லோரும் அசையாமல் அரை நிமிடம் அறையின் மௌனத்தைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். வெட்டிய இடங்களை ஒட்டுவதற்கு அது தேவைப்படும்.

எடுத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது? இன்வெர்ட்டரை நம்பலாமா?
— வாசகர், பண்ருட்டி

கேமரா, மைக், ஒலிப்பதிவுக் கருவி மூன்றையும் தொடக்கத்திலிருந்தே பேட்டரியில் இயக்குங்கள். மலிவான இன்வெர்ட்டரில் செருகிய கருவிகளில் ஓர் இரைச்சல் ஏறிக்கொள்வது உண்டு; கருவிகளைக் கழற்றிவிட்டாலும் இன்வெர்ட்டர் பெட்டியே அறையில் முனகிக்கொண்டிருக்கும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. பேனல் ஒன்று கையில் இருந்தால் மின்தடை வந்தாலும் பேச்சு நிற்காது. விசிறிகளும் மோட்டார்களும் அடங்கிய அந்த நேரத்தில் தெருவே அமைதியாகி, ஒலி முன்னைவிட நன்றாகக் கூட இருக்கலாம்.

பழைய கேமராக்களில் பல 29 நிமிடம் 59 நொடியில் தாமாகவே நின்றுவிடும். செல்போன் சூடேறினாலும் நின்றுவிடலாம். யாராவது ஒருவர் சிவப்புப் புள்ளியைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒலியைத் தனியே, ஒரே தடத்தில் (மோனோ), 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் தரத்தில் பதிந்தால் மணிக்கு ஏறக்குறைய 500 எம்.பி. இடம் பிடிக்கும் என்பதால், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். அன்று இரவே எல்லாவற்றையும் இரண்டு வெவ்வேறு ஹார்டு டிஸ்குகளில் பிரதி எடுங்கள். இரண்டாவது பிரதியைத் திறந்து, நடுவில் ஓரிடத்திலும் கடைசியில் ஓரிடத்திலும் ஓடவிட்டுக் கேட்ட பிறகே மெமரி கார்டை அழியுங்கள்.